கிள்ளான் கணக்கின் மூன்றாம் வரி

மலாயாவின் சுகாதார வரலாற்றை எழுதுவோர் தவறாமல் எடுத்துக்காட்டும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. 1901 முதல் 1905 வரை கிள்ளான் மருத்துவமனையில் மலேரியாக் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டவர்களின் தொகை அது. டாக்டர் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவ அதிகாரி தொகுத்த அந்தக் கணக்கு மூன்றே வரிகளைக் கொண்டது.

முதல் வரி கிள்ளான் நகருக்கு உரியது. 1901இல் 334 பேர், அடுத்தடுத்த ஆண்டுகளில் 129, 48, 28, இறுதியாக 1905இல் 12 பேர். இரண்டாம் வரி, இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு உரியது: 188, 70, 21, 4, 11. மூன்றாம் வரிக்கு ‘மாவட்டத்தின் மற்றப் பகுதிகள்’ என்று பெயர். அங்கே எண்கள் வேறு திசையில் செல்கின்றன: 197, 204, 150, 266, 353.

முதல் இரண்டு வரிகளும் உலகப் புகழ் பெற்றன. மூன்றாம் வரியில் அடங்கியிருந்த மக்கள் யாவர், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அதே அளவு பேசப்படவில்லை. ஓர் ஆராய்ச்சி எவ்வாறு அரசாங்கக் கொள்கையாகிறது, யாருக்கு விரைவில் பயன்படுகிறது, யாரிடம் தாமதித்துச் சேருகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு அந்த மூன்றாம் வரியே நல்ல பாடமாகும்.

நகரும் துறைமுகமும்

மலேரியா சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் வருவது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் செக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுவே நோயைக் கடத்துகிறது என்ற உண்மை அதன்பின் நிலைபெற்றது. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. வாட்சன் மலாயாவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 1901 தொடக்கத்தில் அவர் கிள்ளான் மாவட்டத்தின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார்.

அப்போது கிள்ளான் நகரம் காய்ச்சலில் மூழ்கிக் கிடந்தது. அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும் அவ்வாண்டு 236 நோய்ச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அவற்றால் 1,026 நாள் வேலை கெட்டது. செப்டம்பரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. கண்டல் காடுகள் சூழ்ந்த, கடல் ஏற்றத்தில் நீர் புகும் இடம் அது. திறந்த சில வாரங்களிலேயே அங்கும் காய்ச்சல் பரவி, துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

வாட்சன் கூறிய பரிகாரம் எளிமையானது. நகரைச் சுற்றிய சதுப்புக் காட்டை வெட்டவேண்டும். தேங்கிய நீரை வடிக்கவேண்டும். துறைமுகத்தில் கடல் நீர் புகாதபடி கரை எழுப்பவேண்டும். அரசாங்கம் பணம் ஒதுக்கியது. பலன் எவரும் எதிர்பாராத வேகத்தில் வந்தது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர், 1902இல் அத்தொகை 59 ஆகக் குறைந்தது, 1905இல் 45. அரசாங்க ஊழியர்களின் நோய்ச் சான்றிதழ்கள் 1905இல் நான்கே நான்கு. கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கலாம் என்பதற்குப் பிரிட்டிஷ் பேரரசில் கிடைத்த முதற்பெரும் சான்றுகளில் ஒன்றாகக் கிள்ளான் விளங்கியது.

மூன்றாம் வரியின் பணி

இந்த வெற்றியை ஐயுற்றவர்களும் இருந்தனர். நோய் தானாகவே தணியும் ஆண்டு அதுவாக இருக்கலாம் என்று அவர்கள் கூற இடமிருந்தது. அந்த ஐயத்துக்கு விடை தந்தது மூன்றாம் வரியே. வடிகால் வெட்டப்படாத மற்றப் பகுதிகளில் நோய் தணியவில்லை, ஏறியது. அங்கே காய்ச்சலால் மாண்டவர் 1901இல் 266 பேர், 1905இல் 351 பேர். ஆகவே நகரில் நோய் தணிந்தது வேலையின் பயனே என்பது உறுதியாயிற்று. அறிவியல் முறையில் இத்தகைய ஒப்பீடு இன்றியமையாதது.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த ஐந்தாண்டில் மற்றப் பகுதிகளின் மக்கட்தொகையும் பெருகியது. எனவே மரண எண்ணிக்கை கூடியதற்கு நோயின் கடுமை மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. ஆனால் மக்கட்தொகை ஏன் பெருகியது என்று கேட்டால், கதையின் மறுபாதி புலப்படும். அவை ரப்பர் தோட்டங்கள் திறக்கப்பட்டுவந்த ஆண்டுகள். காட்டை அழித்துக் கன்று நட ஆள் வேண்டும். அந்த ஆட்களில் மிகப் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒப்பந்தத்தின் பேரிலும் கங்காணிகள் வழியாகவும் கப்பலேறி வந்தவர்கள். ‘மாவட்டத்தின் மற்றப் பகுதிகள்’ என்ற சொற்களுக்குள் இருந்த மக்களில் ஒரு பெரும் பகுதியினர் இவர்களே.

கூட்டு மலாய் நாடுகளின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் தொழிலாளரின் மரண விகிதம் ஆயிரத்துக்கு அறுபதுக்கு மேல் இருந்தது. இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். முந்நூறு பேர் வாழும் தோட்டம் ஒன்றில் ஓர் ஆண்டில் பதினெட்டுச் சாவுகள். ஏறத்தாழ இருபது நாளைக்கு ஒருமுறை லயத்திலிருந்து ஒரு பாடை புறப்பட்டிருக்கும். இது சராசரிதான், நோய் மிகுந்த தோட்டங்களின் நிலை இதனினும் கொடியது. இறந்தவர்கள் முதியோரும் அல்லர். உடல் வலுவை நம்பி வேலைக்கு அழைத்துவரப்பட்டவர்கள்.

குன்றுகள் கற்பித்த பாடம்

நகரில் வென்ற முறையைத் தோட்டத்துக்கும் கொண்டு சென்றால் போதுமே என்று தோன்றும். கடலோரச் சமவெளித் தோட்டங்களில் அது பயன் தந்தது. ஆனால் உட்பகுதியின் குன்றுத் தோட்டங்களில் எதிர்பாராத விளைவு ஏற்பட்டது. காட்டை வெட்டிப் பள்ளத்தாக்குகளைத் திறந்து, நீரைத் திறந்த வாய்க்கால்களில் ஓடவிட்டார்கள். இருந்தும் காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் மேலும் கூடியது.

அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களின் மருத்துவராகப் பணியாற்றத் தொடங்கிய வாட்சன் இந்தப் புதிரை ஆராய்ந்தார். சமவெளிச் சதுப்புக் காட்டில் நோயைப் பரப்பியது ‘அனோபிலிஸ் அம்புரோசஸ்’ என்னும் கொசு. அது நிழலில் தேங்கும் நீரில் பெருகுவது. காட்டை வெட்டி வெயில் படவைத்தால் அதற்கு வாழ்விடம் இல்லை. குன்றுகளில் நோயைப் பரப்பியதோ ‘அனோபிலிஸ் மாக்குலேட்டஸ்’ என்னும் வேறு இனம். அது தெளிந்து ஓடுகின்ற, வெயில் படுகின்ற நீரையே விரும்புவது. காட்டை வெட்டியதும் வாய்க்காலைத் திறந்ததும் அந்த இனத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த செயலாக முடிந்தன.

ஆகவே சமவெளியில் மருந்தாக இருந்த வேலை குன்றில் நஞ்சாக மாறியது. ஒரு பொதுத் திட்டத்தை எல்லா இடத்துக்கும் ஒன்றுபோல் பொருத்துவதன் ஆபத்து இதனினும் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே. எந்த இனம் நோயைக் கடத்துகிறதோ, அதன் இயல்பை அறிந்து அதை மட்டும் குறிவைக்க வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு பிறந்தது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் ஆய்வு நடத்திய சுவெல்லன்கிரேபல் போன்ற அறிஞர்களும் அக்கொள்கையை வளர்த்தனர்.

குன்றுகளுக்கு வாட்சன் கண்ட வழி நிலத்தடி வடிகால். ஊற்று நீரைச் சுட்ட மண் குழாய்களின் வழியே பூமிக்குள்ளேயே ஓடவிட்டால் மேலே கொசு முட்டையிட நீர் இராது. பத்துத் தீகா அருகிலுள்ள சீபீல்டு தோட்டம் இவ்வேலை நடந்த முன்னோடித் தோட்டங்களில் ஒன்று. ஆயினும் குழாய் பதிக்கச் செலவு மிகுதி. பின்னர் நீர்நிலைகளில் கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் தெளிக்கும் முறை பரவியது. அது மலிவானது, ஆனால் ஒரு கிழமை தவறினாலும் கொசு திரும்பிவிடும். எனவே எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து பள்ளத்தாக்குகளில் இறங்கிய தொழிலாளியும் இந்த ஆராய்ச்சியின் பங்காளியே எனலாம்.

அறிவு இருந்தும் ஏன் தாமதம்?

கொசுவின் இயல்பு தெரிந்துவிட்டது, பரிகாரமும் தெரிந்துவிட்டது. அதன் பின்னும் எல்லாத் தோட்டங்களும் ஒருசேர நலம் பெறவில்லை. இதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. செலவு யாருடையது என்ற கேள்விதான்.

நகரிலும் துறைமுகத்திலும் நோய் பரவியபோது அரசாங்கத்தின் அலுவலர்கள் படுத்தார்கள். வருமானம் தரும் துறைமுகம் ஆபத்தில் சிக்கியது. ஆகவே அரசாங்கமே செலவிட்டது. தோட்டமோ தனியார் கம்பெனிக்கு உரியது. நிர்வாகத்தின் கணக்கேட்டில் குழாயின் விலை ஒரு பக்கத்தில் தெளிவாகத் தெரியும். காய்ச்சலால் கெட்ட வேலை நாளும், மாண்டவருக்குப் பதிலாக மற்றொருவரைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் செலவும் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும். வாட்சன் தம் நூல்களிலும் உரைகளிலும் இந்தக் கணக்கைத்தான் ஒன்றுசேர்த்துக் காட்டினார். நோயுற்ற தொழிலாளி நலமுள்ள தொழிலாளியைவிட அதிகச் செலவு வைப்பான் என்பது அவருடைய வாதம். மனிதாபிமானத்தால் அசையாத பலரை அந்த வாதம் அசைத்தது. மலாயாவில் இந்தியர் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றதும் இதற்குத் துணைசெய்தது. விருப்பமின்றேல் விலகிப்போகக்கூடிய தொழிலாளியின் உயிரை நிர்வாகம் முன்னிலும் கவனிக்கவேண்டியதாயிற்று.

அரசாங்கமும் சில படிகள் எடுத்து வைத்தது. 1911இல் மலேரியா ஆலோசனைச் சபை அமைந்தது. 1912இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. 1924இல் தோட்டங்களின் சுகாதாரத்தை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் விளைவாக 1926இல் சுகாதாரச் சபைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. தோட்டங்களிடம் வரி பெற்று, பொதுவான மேற்பார்வையில் மருத்துவ வசதியைச் சீராக்குவது அதன் நோக்கம். தோட்ட முதலாளிகள் பலர் எதிர்த்தனர். ரப்பர் விலை வீழ்ந்த 1930களின் முற்பகுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆராய்ச்சி சரியாக இருந்தாலும், சட்டம் எழுதப்பட்டிருந்தாலும், செலவை ஏற்பவரின் மனம் இசையாவிடில் கொள்கை காகிதத்தில் நின்றுவிடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

யப்பானியர் ஆட்சிக் காலத்தில் வடிகால் பராமரிப்பும் எண்ணெய்த் தெளிப்பும் தளர்ந்தன. காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியது. விடுதலைக்குப் பின்னரே நகரம், தோட்டம், கம்பம் என்ற வேறுபாடின்றி நாடு முழுவதையும் ஒரே கணக்கில் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. 1960களின் முற்பகுதியில் சுங்கை பூலோவில் சோதனைத் திட்டம் நடந்தது. 1967இல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் முறையாகத் தொடங்கியது. கிள்ளான் கணக்கு எழுதப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் மூன்றாம் வரியும் முதல் வரிக்குச் சமமாக மதிக்கப்பட்டது.

இன்றைய மூன்றாம் வரி

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியாவில், உள்நாட்டிலேயே தொற்றியவர் எவரும் 2018 தொடங்கிப் பல ஆண்டுகள் மலேசியாவில் பதிவாகவில்லை. இது பெரும் சாதனை. ஆனால் கதை முடியவில்லை. 2004இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் ஆய்வு செய்த பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர், சோதித்த மலேரியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் குரங்குகளுக்கு உரிய ‘நோலசி’ என்னும் கிருமி இருப்பதைக் கண்டனர். நுண்ணோக்கியில் அது வேறொரு மலேரியாக் கிருமியைப் போலவே தோன்றும். ஆதலால் அது அதுவரை வேறு பெயரில் எண்ணப்பட்டு வந்தது.

காட்டோரத்தில் விவசாயம் செய்பவர், மரம் வெட்டுபவர், செம்பனைத் தோட்டங்களில் உழைப்பவர் ஆகியோரே இந்நோய்க்குப் பெரிதும் ஆளாகின்றனர். காடு அழிந்து தோட்டமாகும்போது குரங்கும் கொசுவும் மனிதனும் நெருங்கிவருவது இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். வாட்சன் காலத்தில் ரப்பருக்காகத் திறந்த காடு எழுப்பிய கேள்வியை இன்று வேறு பயிருக்காகத் திறக்கும் காடு எழுப்புகிறது.

பள்ளியில் கணக்கும் வரலாறும் சுகாதாரமும் தனித்தனிப் பாடங்களாக உள்ளன. கிள்ளான் கணக்கில் அம்மூன்றும் ஒன்றுகூடுகின்றன. மேல் வகுப்பு மாணவர்களிடம் அந்த மூன்று வரிகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, முதல் வரி ஏன் இறங்கியது, மூன்றாம் வரி ஏன் ஏறியது, அந்த வரியில் இருந்தவர்கள் யார் என்று ஆசிரியர் கேட்கலாம். விடை தேடும் மாணவன் தன் பாட்டன் பூட்டன் வந்து இறங்கிய நிலத்தின் கதையை அறிவான். நாளை ஒரு திட்டத்தின் வெற்றி எண்களால் அறிவிக்கப்படும்போது, அந்த எண்களில் எவர் அடங்கினார், எவர் ஒப்பீட்டுக்காக மட்டும் நிறுத்தப்பட்டார் என்று வினவும் பழக்கமும் அவனுக்கு வரும். அப்பழக்கம் வேரூன்றிய சமுதாயத்தில், நல்ல ஆராய்ச்சியின் பயன் கடைசி லயம் வரை செல்ல அறுபது ஆண்டுகள் ஆகா.