நெல்லிக்கு ஒரு லத்தீன் பெயர்

சட்டன் அரங்குக்கு நேரில் வந்திருப்பவர்களுக்கும் நேரலையில் இணைந்திருப்பவர்களுக்கும் என் அன்பு. கனடாவில் இப்போது காலை. சிட்னியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். விழித்திருந்து கேட்பவர்களுக்குத் தனி நன்றி.

மத்திய கால லத்தீன் மூலிகை நூல்கள் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "இது எங்களுக்கு என்னத்துக்கு?" என்று ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து சிறிது நேரம் பேருந்தில் போனால் கார்ஷால்டன். அங்கே இன்று பெண்கள் பள்ளியாக இருக்கும் பழைய மாளிகையில், 1714 நவம்பர் 1ஆம் தேதி, ஜான் ராட்கிளிஃப் என்ற மருத்துவர் இறந்தார். அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்தவர். ஆக்ஸ்போர்டில் ஒரு பெரிய நூலகம் எழும்பப் பணம் விட்டுச் சென்றவர். ஆனால் அவருடைய இளமைக் காலத்தில், "உங்கள் நூலகம் எங்கே?" என்று ஒருவர் கேட்டபோது, சில மருந்துக் குப்பிகள், ஓர் எலும்புக்கூடு, ஒரு மூலிகை நூல் ஆகியவற்றைக் காட்டி, இவ்வளவுதான் என்றாராம். நடந்ததோ, பின்னால் கட்டிய கதையோ, எனக்குப் பிடித்த கதை. மருத்துவம் படிக்கும் ஒருவருக்கு அந்த ஒரு நூல் போதும் என்ற நிலை எப்படி வந்தது?

ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் போவோம். இன்றைய ஜெர்மனியின் தென்கோடியில், கொன்ஸ்டன்ஸ் ஏரியில் ரைசனவ் என்று ஒரு தீவு. அங்கிருந்த மடத்தின் தலைவர் வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ. தன் அறைவாசலுக்கு முன்னாலிருந்த சிறு தோட்டத்தைப் பற்றி லத்தீனில் ஒரு கவிதை எழுதினார். தொடுகிற கையைச் சுணைக்க வைக்கும் நெட்டில் செடிகள் அந்தத் தோட்டத்தை மூடிக் கிடந்ததையும், தான் அவற்றைத் தோண்டி எறிந்ததையும் முதலில் சொல்கிறார். பிறகுதான் சேஜ், பெருஞ்சீரகம், புதினா என்று ஒவ்வொரு செடியாக வருகிறார். 849இல் இறந்த ஒரு துறவி மண்வெட்டியோடு நின்ற களைப்பு அந்த வரிகளில் இன்னும் இருக்கிறது. லத்தீன் மூலிகை நூல்களில் இப்படி மண் ஒட்டிய நூல்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவை ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்ந்தவை.

அப்படிப் பெயர்ந்தவற்றில் மிகவும் செல்வாக்குப் பெற்றது பதினோராம் நூற்றாண்டின் 'மூலிகைகளின் ஆற்றல்கள்'. 77 மருந்துப் பொருள்கள், எல்லாமே செய்யுளில். ஏன் செய்யுள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்முடைய 'பதார்த்த குண சிந்தாமணி' ஏன் செய்யுளில் இருக்கிறதோ அதே காரணம்தான்: மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த லத்தீன் நூலில் மாசெர் என்ற பெயர் இருக்கிறது. அது ஆயிரம் வருடம் முந்திய ஒரு ரோமானியக் கவிஞரின் பெயர். உண்மையில் எழுதியவர் பிரான்சில் மெங் ஊரைச் சேர்ந்த ஓடோ என்பவர் என்று கருதுகிறார்கள். பெரியவர் பெயரைப் போட்டால் நூலுக்கு மதிப்பு. அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தன் பெயரை விட்டுக்கொடுத்து நூலைக் காப்பாற்றிய ஆட்கள் அவர்கள்.

அந்த நூலின் கடைசிப் பகுதியில் மிளகும் இஞ்சியும் கிராம்பும் வருகின்றன. ஓடோ இஞ்சிச் செடியைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் எழுதிய 'சிஞ்ஜிபெர்' என்ற சொல் நம் பக்கத்துச் சொல். இஞ்சி, வேர் என்ற இரண்டும் சேர்ந்த பழைய திராவிடச் சொல் பாலி வழியாகக் கிரேக்கத்துக்கும், அங்கிருந்து லத்தீனுக்கும் போனது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்ற செய்தி. சரக்கு கப்பலில் போனபோது பெயரும் கூடவே போயிருக்கிறது.

நெல்லிக்காயின் பயணம் இன்னும் சுற்று வழி. பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியில் கான்ஸ்டன்டைன் என்பவர் வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலியின் சலெர்னோவுக்கு வந்தார். பிறகு மொன்டே கசீனோ மடத்தில் இருந்துகொண்டு அரபு மருத்துவ நூல்களை லத்தீனாக்கினார். அப்படி அரபு நூல்களின் வழியாகச் சலெர்னோ மருத்துவர்களின் கையில் சேர்ந்த சரக்குகளில் 'மைரோபலான்' என்றொரு தொகுதி உண்டு. அதில் ஐந்து வகை சொல்வார்கள். கெபுலி என்பது கடுக்காய். காபூல் வழியாக வந்ததால் அந்தப் பெயர். பெல்லிரிசி என்பது தான்றிக்காய். எம்பிலிசி என்பது நெல்லிக்காய். ஆமலகம் அரபியில் அம்லஜ் ஆகி, லத்தீனில் எம்பிலிசி ஆனது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நம் வீட்டுத் திரிபலா.

1753இல் லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது நெல்லிக்கு ஃபில்லாந்தஸ் எம்பிலிகா என்று எழுதினார். இன்றும் சட்டனில் ஒரு கடையில் திரிபலா மாத்திரைப் போத்தலைத் திருப்பிப் பார்த்தால், எம்பிலிகா, பெல்லிரிகா, கெபுலா என்று மூன்று சொற்கள் இருக்கும். அவை விஞ்ஞானிகள் புதிதாகச் செய்த சொற்கள் அல்ல. மடத்துத் துறவிகள் கேள்விப்பட்டு எழுதிய சொற்கள்.

இந்த நூல்களை நான் தலையில் தூக்கி வைக்கப்போவதில்லை. ஒருவர் வரைந்த செடியைப் பார்த்து அடுத்தவர் வரைவார், செடியைப் பார்க்கமாட்டார். சில தலைமுறையில் இலை எது, பூ எது என்று தெரியாத அலங்காரப் படமாகிவிடும். மாண்ட்ரேக் கிழங்கு மனித உருவில் இருக்கும், அதைப் பிடுங்க நாயைக் கட்டி இழுக்க வேண்டும் என்ற கதை பல நூற்றாண்டு பிரதியானது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டவர் குறைவு.

ஆனால் அறிவு யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டையும் இந்த லத்தீனைச் சுற்றித்தான் நடந்தது. லண்டன் மருத்துவர் கழகம் 1618இல் தன் மருந்து நூலை லத்தீனில் வெளியிட்டது. 1649இல் நிக்கொலஸ் கல்பெப்பர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டார், கழகத்தைக் கேட்காமல். பெரியவர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஏழைகள் தங்கள் வேலியோரச் செடியின் பெயரை வாசிக்கத் தொடங்கினார்கள்.

இனிச் சென்னைக்குப் போக வேண்டும். 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். சுற்றுவட்டாரச் செடிகளைச் சேகரித்து உலர்த்தி, உள்ளூர்ப் பெயரோடும் பயனோடும் லண்டனுக்கு அனுப்பினார். ஆல்டர்ஸ்கேட் தெருவில் மருந்துக் கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ஒழுங்குபடுத்தி, 1698இலிருந்து ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். 'மலபார்' பெயர்கள் என்று அவர்கள் குறித்தவை தமிழ்ப் பெயர்கள்; அக்காலத்து ஐரோப்பியர் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். அதாவது ராட்கிளிஃப் உயிரோடிருந்த காலத்திலேயே தமிழ்ச் செடிப் பெயர்கள் லண்டனில் அச்சேறிவிட்டன. பெட்டிவரின் தொகுப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். அது இன்று சவுத் கென்சிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் டைனோசர் காட்டப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போயிருக்கிறோம்!

அந்த 1698 கட்டுரையின் தலைப்பில் பெட்டிவர் பெயரும் பிரவுன் பெயரும் இருக்கின்றன. செடிகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தலைப்பில் இடமில்லை. அதற்கு 20 வருடம் முன்பு, 1678இல் ஆம்ஸ்டர்டாமில் லத்தீனில் வெளிவரத் தொடங்கிய 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்' அந்த வகையில் மேல். இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரின் பெயரையும் வாக்குமூலத்தையும் முதல் தொகுதியிலேயே அச்சிட்டார்கள்.

கடைசியாக இரண்டு தீ. 1731 அக்டோபர் 23ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் கொட்டன் நூலகம் எரிந்தது. லத்தீன் மூலிகை நூலொன்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, பதினோராம் நூற்றாண்டுப் படப்பிரதி, அங்கே இருந்தது. ஓரம் கருகினாலும் பிழைத்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதே மொழிபெயர்ப்புக்கு வேறு மூன்று கையெழுத்துப் பிரதிகளும் உண்டு. அது முழுவதும் எரிந்திருந்தாலும் படங்கள் போயிருக்கும், நூல் போயிருக்காது.

மற்றத் தீயை இங்கே பலர் நேரில் கண்டவர்கள். 1981 ஜூன் 1, யாழ்ப்பாணம். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அவற்றில் வைத்திய ஏடுகளும் இருந்தன. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்தியச் செய்யுள் நூலான 'பரராசசேகரம்' இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அதை ஏடுகளிலிருந்து எடுத்து 1928 முதல் பாகம் பாகமாக அச்சிட்டதுதான். ஒரு பிரதிகூட வேறிடத்தில் இல்லாத ஏடுகளுக்கு அந்த இரவோடு கதை முடிந்தது.

என் அம்மம்மாவிடம் ஒரு கொப்பி இருந்தது. பரியாரியார் சொன்ன எண்ணெய், கசாயக் கணக்கெல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். இடம்பெயர்ந்தபோது எதை எடுப்பது, எதை விடுவது என்ற அவசரத்தில் அது வீட்டிலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து எனக்கு இன்று நினைவிருப்பது ஒரேயொரு இருமல் கசாயம். அதிலும் ஆடாதோடை எவ்வளவு என்பது மறந்துபோனது.

உங்கள் வீட்டில் அப்படிக் கொப்பியோ ஏடோ இருந்தால், கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். மூலப்பிரதியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், படம் போதும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. எழுதியவர் பெயர், ஊர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் முதல் பக்கத்தில் குறித்து அனுப்புங்கள்.

பின்வரிசையில் ஒரு ஐயா கையைத் தூக்கியபடி இருக்கிறார். கேளுங்கள் ஐயா.