ஓடுபாதை இருந்தும் நிலைக்காத விமானம்: நெய்வேலி, சேலம், தூத்துக்குடி

வெள்ளாற்றின் தென்கரையில் பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காடு. எதிர்க்கரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் ஆண்டாண்டாக ஆட்களை அனுப்பிவரும் ஊர் லப்பைக்குடிக்காடு. இங்கிருந்து கிழக்கே விருத்தாசலத்தைத் தாண்டினால் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் விமான ஓடுபாதை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. விமானம் ஏறுகிற மக்களும் ஓடுபாதையும் இத்தனை அருகில் இருந்தும், அங்கே ஒரு வழக்கமான பயணிகள் சேவை ஏன் நிலைபெறவில்லை? ஓடுபாதையின் நீளம் போதாது, பராமரிப்பு இல்லை, அரசுக்கு அக்கறை இல்லை என்பவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தமிழகத்துச் சிறு விமான நிலையங்களின் நாற்பதாண்டு வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் வேறொரு காரணம் முன்னே வருகிறது. பயணி எந்தத் திசையில் போகிறார், தரைவழியோடு ஒப்பிட அவருக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்ற இரண்டுமே ஒரு சேவையின் ஆயுளைத் தீர்மானித்திருக்கின்றன. மானியம் அந்த ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்க மட்டுமே உதவியிருக்கிறது.

முதல் முயற்சி வாயுதூத். இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் சேர்ந்து 1981 ஜனவரியில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முதல் நோக்கம் வடகிழக்கு மாநிலங்களை இணைப்பது. பிறகு நாடெங்கும் பரவி, 19 பேர் அமரும் டோர்னியர் விமானங்களைக் கொண்டு சிற்றூர்களைத் தொட்டது. நெய்வேலியும் தஞ்சாவூரும் சென்னையோடு இணைந்தது அப்படித்தான். எந்த ஊர் பயணிகளால் நிறையும் என்ற கணக்கைவிட, எந்த ஊருக்கு விமானம் வேண்டும் என்ற கோரிக்கையே தடங்களைத் தீர்மானித்ததாகத் தோன்றுகிறது. காலி இருக்கையின் செலவை அரசு நிறுவனம் சுமந்தது. அதற்கு இயலாமல் போனதும், 1993இல் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கப்பட்டது. அதோடு சிற்றூர்த் தடங்களுக்குக் கேட்பாரில்லாமல் போயிற்று.

அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்ளச் சேலத்தையும் தூத்துக்குடியையும் அருகருகே வைக்க வேண்டும். இரண்டும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திறக்கப்பட்டவை; இரண்டுக்கும் முதலில் வந்த தனியார் நிறுவனம் நெப்சி; அது நொடித்ததும் இரண்டும் வெறிச்சோடின. ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர். வாகைக்குளத்துத் தூத்துக்குடி நிலையத்துக்கு அண்மைக் காலம்வரை 1,350 மீட்டர்தான். ஓடுபாதையே விதி என்றால் சேலம்தான் முந்தியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. தூத்துக்குடிக்கு 2006இல் ஏர் டெக்கான் வந்தது. அது கிங்பிஷருக்குள் கரைந்து, கிங்பிஷரும் 2012இல் முடங்கியபோது, ஸ்பைஸ்ஜெட் ஏற்கெனவே அங்கே பறந்துகொண்டிருந்தது. நிறுவனங்கள் மாண்டன, தடம் மாளவில்லை. சேலத்திலோ 2009இல் வந்த கிங்பிஷர் 2011இல் போன பிறகு, 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வரும்வரை ஆள் அரவமே இல்லை. வேறுபாடு நிலவியலில் இருக்கிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடி சுமார் 600 கிலோமீட்டர், ரயிலில் ஓர் இரவு. சேலம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர், பகல் ரயிலில் ஐந்து மணி நேரம். நிலையத்துக்குப் போய்க் காத்திருக்கும் நேரத்தையும் இறங்கி ஊருக்குள் வரும் நேரத்தையும் கூட்டினால் சேலத்துக்காரருக்குக் கிடைக்கும் ஆதாயம் ஓரிரு மணி நேரம்தான். துறைமுகத் தொழிலும் தூத்துக்குடிக்குத் துணை நின்றது என்பது சரி. ஆனால் இரும்பு ஆலையும் நெசவும் வணிகமும் கொண்ட சேலம் அதைவிட ஏழை ஊர் அல்ல.

2016 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த உடான் திட்டம் இந்தச் சிக்கலை மானியத்தால் தீர்க்க முனைந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு விமானத்தின் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய்க்குள் தரப்பட வேண்டும் என்பது அப்போதைய விதி. நட்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஈடுசெய்வார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு மாநிலத்துடையது, மீதி பெருநகரத் தடங்களில் பறக்கும் விமானங்கள்மீது விதித்த தீர்வையிலிருந்து வரும். அதாவது டெல்லிக்குப் பறப்பவர் சேலத்துக்காரரின் காலி இருக்கைக்கு மறைமுகமாகப் பணம் தருகிறார். எரிபொருள்மீதான மாநில வரியும் இந்த நிலையங்களில் ஒரு சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2017 மார்ச் இறுதியில் வழங்கப்பட்ட 128 தடங்களில் 84 தடங்கள், கையில் போதிய விமானமே இல்லாத ஏர் ஒடிசா, பழைய பெயரிலேயே மறுபடி வந்த ஏர் டெக்கான் என்ற இரு நிறுவனங்களுக்குப் போயின. நெய்வேலி–சென்னை தடம் ஏர் ஒடிசாவின் பங்கில் விழுந்தது. அந்த விமானம் வரவே இல்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, முதல் மூன்று சுற்றுகளில் வழங்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்கிறது. தொடங்கிய 371இல் மூன்றாண்டுக் காலத்தை முடித்தவை 112; மானியம் நின்ற பிறகும் பறந்தவை 54. சேலம்–சென்னை ட்ரூஜெட்டும் மூன்றாண்டு நிறைந்த 2021இலேயே நின்றது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். இடையில் பெருந்தொற்று வந்ததே, அதை மானியத்தின் தோல்வியாக எப்படிக் கொள்வது என்பது ஒன்று. நியாயமான கேள்விதான், 2020இல் இரண்டு மாதம் நாட்டில் உள்நாட்டுப் பயணிகள் விமானமே பறக்கவில்லை. ஆனால் தொடங்காமலே போன தடங்களில் பல தொற்றுக்கு முன்பே தடுமாறியவை. நெய்வேலியும் அவற்றில் சேரும். இரண்டாவது மறுப்பு வலுவானது. நகரப் பேருந்து லாபத்துக்காகவா ஓடுகிறது, விமானத்திடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்க வேண்டும்? பொதுச் சேவைக்கு மானியம் தருவது தவறில்லை, அதை இக்கட்டுரை மறுக்கவும் இல்லை. அந்த மானியம் எந்தத் தடத்துக்கு என்பதுதான் விவாதம். பேருந்து மானியம் வேறு வழியில்லாத பயணியைக் கொண்டுசேர்க்கிறது; சென்னைக்கு நான்கு மணி நேரத்தில் சாலையிலேயே போய்ச் சேரக்கூடிய நெய்வேலியிலிருந்து அதே சென்னைக்கு விமானம் விடுவது, வழியுள்ளவருக்கு இன்னொரு வழி. சேலமே இதற்கு மறைமுகச் சான்று தருகிறது. 2023 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்கியபோது அலையன்ஸ் ஏர் தேர்ந்தெடுத்தது பெங்களூரு–சேலம்–கொச்சி. இண்டிகோ சென்னையோடு ஐதராபாத்தையும் சேர்த்துக்கொண்டது. சென்னை மட்டுமே இலக்கு என்ற பழைய எண்ணம் அங்கே கைவிடப்பட்டது.

லப்பைக்குடிக்காட்டுக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால் நெய்வேலி இன்னும் மெலிந்துபோகிறது. இவ்வூர்ப் பயணி போக வேண்டிய இடம் சென்னை அல்ல. துபாயோ, சார்ஜாவோ, கோலாலம்பூரோ, சிங்கப்பூரோதான். பெரம்பலூர் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்தால் திருச்சி. உள்நாட்டைவிட வெளிநாட்டுப் பயணிகளை அதிகம் கையாளும் அந்த நிலையத்திலிருந்து அவர் நேரே பறக்கலாம். நெய்வேலியிலிருந்து சிறு விமானத்தில் சென்னை போய், அங்கே பெட்டிகளை மாற்றி, மறுபடி சோதனைக்கு நின்று ஏறுவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை. கையில் முப்பது கிலோ சாமான் இருந்தால் சிறு விமானத்தில் இடம் கிடைப்பதே சிக்கல். நெய்வேலி ஓடுபாதையை எழுப்ப வேண்டுமென்று இனியும் கேட்பவர்கள், பெங்களூரு, ஐதராபாத் போன்ற தொலைநகர்த் தடத்தைக் கேட்டால் அந்தக் கோரிக்கைக்குக் கணக்கில் இடமுண்டு. வெள்ளாற்றங்கரை மக்களின் தேவை வேறு: நள்ளிரவிலும் விடியற்காலையிலும் புறப்படும் திருச்சி விமானங்களுக்கு ஏற்ற நேரத்தில் திட்டக்குடியிலிருந்தும் லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் ஓடும் பேருந்து.