மின்சாரம் பாயாத காந்தம்

காந்தம் என்றதும் இரும்பும் எஃகும்தான் நினைவுக்கு வரும். இரண்டிலும் மின்சாரம் பாயும். 1930-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகோரோ காட்டோவும் தகேஷி தகேயும் உருவாக்கிய பொருளோ வேறு வகை. இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைப் பொடியாகக் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டெடுத்த கட்டி அது. காந்தத்தன்மை இருந்தது, மின்சாரம் மிகக் குறைவாகவே கடந்தது. அதுதான் ஃபெரைட்.

வானொலிக்கு இது பெரிய வரம். உயர் அதிர்வெண்ணில் கம்பிச்சுருளின் இரும்பு உள்ளகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து ஆற்றல் வெப்பமாக வீணாகும். ஃபெரைட்டில் அந்த இழப்பு மிகக் குறைவு. இதைத் தயாரிக்கவென்றே கென்சோ சைட்டோ 1935-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். பிற்பாடு ஒலிநாடாக்களால் நம் வீடுகளுக்கு அறிமுகமான டிடிகே அதுதான்.

ஃபெரைட்டில் மின்சாரம் ஏன் எளிதில் பாய்வதில்லை என்பது பிறகுதான் தெளிவானது. இரும்பில் எலெக்ட்ரான்கள் தடையின்றி அலையும். ஃபெரைட்டில் அவை தத்தம் அயனியோடு கட்டுண்டு கிடக்கின்றன. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் இப்படி முடங்கலாம் என்ற கருத்து, 1937-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிக்கல் ஆக்சைடு பற்றி நடந்த விவாதத்திலேயே எழுந்தது. ஆனால் காந்தத்துக்கு எலெக்ட்ரான் ஓடத் தேவையில்லை. அதன் தற்சுழற்சி ஒழுங்குபட்டால் போதும். நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாக அயனிகள் அந்த ஒழுங்கைப் பெறுகின்றன.

1948-இல் பிரான்சின் லூயி நீல், அந்த ஒழுங்கிலிருந்து காந்தம் எப்படி வெளிப்படுகிறது என்ற மீதிப் புதிரை அவிழ்த்தார்: எதிரெதிர்த் திசையில் நிற்கும் தற்சுழற்சிகளின் இரு அணிகள் சமமாக இல்லாததால், எஞ்சுவதே வெளியே தெரியும் காந்தம். அழகான விளக்கம்! 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய கைப்பேசி சார்ஜருக்குள் இருக்கும் சிறு மின்மாற்றியின் உள்ளகமும் ஃபெரைட்தான்.