உரைகல் யார் கையில்? வேக முத்திரைகளும் பெங்களூரின் இரண்டு கார்களும்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார்களின் பின்புறங்களை வாசித்துக்கொண்டே போகலாம். ஜிடி, ஆர்எஸ், எம், ஏஎம்ஜி, என் லைன், ஜிஆர்-எஸ் என்று பந்தயத் திடலிலிருந்து புறப்பட்ட எழுத்துகள் அங்கே வரிசைகட்டி நிற்கின்றன. உச்ச விலைக் கார்களை விட்டுவிடுவோம். அவற்றுக்கும் சாதாரணக் கார்களுக்கும் நடுவே நிற்கும் இடைநிலை விரைவுக் கார்களுக்கு இவ்வெழுத்துகள் தகுமா என்பது ஓயாத வாதம். வழக்கமாக இது குதிரைத்திறனையும் வினாடிக் கணக்கையும் வைத்தே நடக்கிறது. வரலாற்று மாணவனாக எனக்கு வேறொரு கேள்வி முதன்மையாகப் படுகிறது: அந்த முத்திரையைச் சோதித்துப் பார்த்தவர் யார்?

நாணயத்தையும் பொன்னையும் நோட்டம் பார்ப்பவரை நம் பழந்தமிழ் வண்ணக்கன் என்றது. சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டியிருக்கிறது. பொன் விற்பவன் வேறு, பொன்னின் மாற்றைச் சொல்பவன் வேறு என்ற ஏற்பாட்டில்தான் முத்திரையின் மதிப்பு நிற்கிறது. இன்று 916 என்று பொறிப்பதும் நகைக்கடைக்காரரின் வேலையன்று. அதற்கெனத் தனி மையங்கள் உள்ளன.

மோட்டார் உலகிலும் ஒரு காலத்தில் வண்ணக்கர் இருந்தனர். உற்பத்திக் கார்களுக்கான பந்தயங்களில் ஒரு வாகனம் ஓட வேண்டுமானால், அது குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டதாகப் பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பு சான்றளிக்க வேண்டும். இதற்கு ஹோமோலோகேஷன் என்று பெயர். ஃபோர்டு 1963-இல் லோட்டஸுடன் சேர்ந்து கார்ட்டினாவை மாற்றியமைத்ததும், பிஎம்டபிள்யூ 1986-இல் முதல் எம்3-ஐ உருவாக்கியதும் இந்த விதிக்காகவே. எம்3-க்கு விதி கேட்ட எண்ணிக்கை 5,000. பந்தயக் கார் கட்டுநர் ஜான் கூப்பரின் பெயரை 1961-இல் தாங்கிய மினி, மூன்றே ஆண்டுகளில் மாண்டே கார்லோ பேரணியை வென்றது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் தயாரிப்பாளர் அல்லாத ஒருவரின் சோதனை இருந்தது.

ஆனால் இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. 1962-இன் ஃபெராரி 250 ஜிடிஓ-வின் கடைசி எழுத்தே ஹோமோலோகேஷனைக் குறிப்பது. விதி 100 கார்களைக் கோரியது. ஃபெராரி செய்தவையோ நாற்பதைக்கூடத் தொடவில்லை. முந்தைய 250 ஜிடி-யின் தொடர்ச்சி என்று வாதிட்டுத்தான் அது சான்று பெற்றது. அதே மூன்று எழுத்துகளை 1964-இல் அமெரிக்காவின் பாண்டியாக் எடுத்துத் தன் காருக்குச் சூட்டியபோது பந்தயச் சான்று என்ற பேச்சே எழவில்லை. எம் முத்திரையின் கதை இன்னும் சுவையானது. 'உண்மையான' எம்5 1985-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1980-இல், எம்535ஐ என்றொரு கார் விற்பனைக்கு வந்திருந்தது. அதன் 218 குதிரைத்திறன் எஞ்சின் பந்தயப் பட்டறையில் பிறந்ததன்று. அந்நிறுவனத்தின் பெரிய கார்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 'அரை எம்' என்று இன்று இகழப்படும் வகை எம்5-ஐவிட மூத்தது.

ஆகவே சென்னையை அடுத்த ஆலையில் 2021 முதல் பொருத்தப்படும் எம்340ஐ காரை, எம்3-இன் எஞ்சின் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்குவது வரலாறு அறியாத தூய்மைவாதம். அறிமுகமானபோது 387 குதிரைத்திறனும் ஆறு சிலிண்டரும் கொண்டிருந்த அது, எம்535ஐ காரின் நேர்வாரிசு. புனேக்கு அருகே சாக்கனில் 2020-இல் பொருத்தத் தொடங்கிய ஏஎம்ஜி ஜிஎல்சி 43 இன்னொரு வகை. ஓர் எஞ்சினை ஒருவரே கட்டிக் கையொப்பமிடுவது ஏஎம்ஜி மரபு; 43-இன் வி6 எஞ்சினில் அந்தக் கையொப்பத் தகடு கிடையாது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. செய்யாததற்குக் கையொப்பமிடாத நேர்மையாகவே நான் கொள்கிறேன்.

பெங்களூரின் சொந்தக் கதைக்கு வருவோம். இங்கே சிபானி நிறுவனம் 1982-இல் டால்ஃபின் என்ற காரைக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ரிலையண்ட் கிட்டனே அதன் மூலம்: கண்ணாடியிழை உடல், இரண்டு கதவுகள், 848 சிசி அலுமினிய எஞ்சின். குடும்பங்கள் அதை விரும்பவில்லை. கதவு போதவில்லை என்றார்கள். பந்தயக்காரர்களோ விரும்பினார்கள். அம்பாசிடரும் ஃபியட்டும் சுமந்த எஃகு எடை அதற்கில்லை என்பதே காரணம். பேரணிகளிலும் திடல்களிலும் ஓடிய அந்தக் காரின் பின்புறத்தில் வேகத்தைப் பறைசாற்றும் எழுத்து ஒன்றுகூட இருந்ததில்லை. நம் நாட்டில் பந்தயம் ஓடிய கார்களுக்கு முத்திரை இல்லை; முத்திரை வந்தபோது பந்தயத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை.

ஏன் இப்படி என்றால், விடை பந்தயத் திடலில் இல்லை. நிதிநிலை அறிக்கையில் இருக்கிறது. 2006-இல் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியைக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் சலுகை. அன்று முதல் இந்தியச் சிறு காரின் வடிவத்தை வரைந்தவர்களுள் வரித்துறையும் ஒன்று. ஃபோக்ஸ்வாகன் 2013-இல் போலோவுக்கு ஜிடி முத்திரை கொடுத்தபோது எஞ்சின் 1197 சிசி. டர்போவின் துணையோடு 105 குதிரைத்திறன். எல்லைக்கு மூன்று சிசி உள்ளே நின்று செய்த வித்தை அது. பாராட்டலாம்.

பெங்களூரை அடுத்த பிடதியில் டொயோட்டா வேறு வழியில் போனது. எட்டியோஸ் லிவாவுக்கு முதலில் வந்த டிஆர்டி ஸ்போர்ட்டிவோ முத்திரை, ஒட்டுப்படங்களும் உடல் அலங்காரமும் மட்டுமே. டிஆர்டி என்பது டொயோட்டாவின் பந்தய மேம்பாட்டுப் பிரிவு என்பதை நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கும். பிறகு 2013-இல் அதே சிறு உடலுக்குள் எட்டியோஸ் செடானின் 1496 சிசி பெட்ரோல் எஞ்சினை வைத்தார்கள். 80-லிருந்து 90 குதிரைத்திறன், பெரிய பாய்ச்சலன்று. ஆனால் 1200 சிசி கோட்டைத் தாண்டியதால் வரிச் சலுகை போயிற்று. கலால் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. ஒட்டுப்படத்துக்கு வரித் தண்டனை இல்லை, எஞ்சினுக்கு உண்டு. என் கணக்கில், இந்தியச் சிறு கார்களுள் முத்திரைக்கு மிக நேரடியாக விலை கொடுத்தது, யாரும் பெரிதாக நினைவுகூராத இந்த லிவாதான்.

அதே பிடதியில் 2022 முதல் ஃபார்ச்சூனர் ஜிஆர்-எஸ் வருகிறது. 2.8 லிட்டர் டீசலின் 204 குதிரைத்திறன் மாறவில்லை. ஜிஆர் என்ற எழுத்துகள் உலகப் பேரணிப் பந்தயத்துக்கான ஹோமோலோகேஷனுக்காகவே பிறந்த 2020-இன் ஜிஆர் யாரிஸுக்கும் உரியவை. அந்தக் கார் இந்தியாவில் விற்கப்படவில்லை. நடுவில் ஒரு கோடும் 'எஸ்' என்ற விகுதியும் வேலை செய்கின்றன. இலக்கணத்தில் இடைச்சொல் தனித்துப் பொருள் தராது. கார் வணிகத்தில் அது சேர்ந்த சொல்லின் பொருளையும் குறைத்துவிடுகிறது. 'என்' முத்திரையுள்ள ஐ20 வெளிநாட்டில் 204 குதிரைத்திறன். 'என் லைன்' இங்கே 120, அது அறிமுகமானபோது விற்ற சாதாரண டர்போ ஐ20-இன் அளவே. எனினும் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கொடுத்திருப்பதால் அதை வெறும் ஒப்பனை என்று தள்ள முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் அது செய்யப்படும் ஆலைக்கு அருகிலேயே சென்னைப் பந்தயத் திடல் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

விகுதி சேர்ப்பவர்கள் ஒருவகையில் ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு உறுத்துவது விகுதியின்றி உள்ளீடு குறைவது. 2004-இல் இங்கே வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 150 குதிரைத்திறன் தந்தது. ஐரோப்பாவில் அதே பெயர், அதே 1.8 டர்போ, 180. ஆர்வலர்கள் அதைக் கொண்டாடினார்கள், இன்றும் போற்றிப் பாதுகாக்கிறார்கள். ஓட்டத் தகுந்த நல்ல கார்தான். ஆயினும் முப்பது குதிரைகள் வழியில் இறங்கிக்கொண்டதை அந்தத் தகடு சொல்லவில்லை. சொல்லும்படி கேட்கும் அமைப்பும் இல்லை. எஞ்சின் ஆற்றலைச் சோதனைக்கூடம் அளந்து சான்று தருகிறது. காரின் பின்புறத்து எழுத்தை அளப்பவர் எவருமில்லை.

இதன் அடுத்த பகுதியை டால்ஃபினைப் பற்றி மட்டும் எழுத எண்ணியிருக்கிறேன். 1980-களின் சோழவரம் பந்தய நிகழ்ச்சி நிரல்களோ கர்நாடகப் பேரணிகளின் வாகனப் பரிசோதனைத் தாள்களோ நண்பர்கள் எவர் வீட்டிலேனும் இருந்தால், படியெடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.