கேசட்டுக்குக் காசு வாங்காதவர்கள்

இந்த எபிசோட் இசை வரலாறு மாதிரித் தெரியும். பாதிக்கு மேல் நான் பேசப்போவது காப்பி எடுப்பதைப் பற்றித்தான்.

1996 பிப்ரவரி 3. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடகிழக்கில் எல்கேடர் என்று ஒரு சின்ன ஊர். அன்றைக்கு அங்கே மைனஸ் 47 ஃபாரன்ஹீட். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட மைனஸ் 44 டிகிரி. அந்த மாநிலத்தில் அதைவிடக் குளிர் பதிவானதே இல்லை. மூன்று நாள் கழித்து, அங்கிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய டெகோரா என்ற ஊரில், லூதர் காலேஜ் அரங்கில் ஒரு கச்சேரி. மேடையில் இரண்டு பேர், இரண்டு அகூஸ்டிக் கிட்டார். டிரம்ஸ் இல்லை, லைட் ஷோ இல்லை. ஒருவர் டேவ் மேத்யூஸ், இன்னொருவர் டிம் ரெனால்ட்ஸ்.

டேவ் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் ஊரில் 'மில்லர்ஸ்' என்ற பாரில் வேலை பார்த்தார். அதே பாரில் வாசித்துக்கொண்டிருந்த கிட்டாரிஸ்ட்தான் டிம். 1991இல் டேவ் மேத்யூஸ் பேண்ட் ஆரம்பமானது. வயலின், சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ் என்று ஒரு முழுப் பட்டாளம். 1994இல் வந்த ஆல்பத்தோடு ரேடியோ முழுக்க அவர்கள்தான். அதற்குள் அவர்கள் பெரிய பேண்ட். ஆனால் 1996 ஜனவரி, பிப்ரவரியில், அடுத்த ஆல்பமான 'க்ராஷ்' வெளிவருவதற்கு முன், டேவ் பேண்டை வீட்டில் விட்டுவிட்டு டிம்மை மட்டும் கூட்டிக்கொண்டு காலேஜ் அரங்கங்களுக்கும் தியேட்டர்களுக்கும் கிளம்பினார்.

ரசிகர்களும் பின்னாலேயே கிளம்பினார்கள். ஏன் ஊர் ஊராகப் போகணும், ஒரு தடவை பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒவ்வொரு ராத்திரியும் பாட்டு வரிசை மாறும். அதே பாட்டு வேறு நீளத்தில் வரும். நடுவில் டேவ் ஏதாவது கதை சொல்வார், அது அடுத்த ஊரில் இருக்காது. போதாக்குறைக்கு 'க்ராஷ்' ஏப்ரல் 30இல்தான் கடைக்கு வந்தது. 'க்ராஷ் இன்டு மீ', 'டூ ஸ்டெப்', 'ஸே குட்பை' எல்லாம் லூதர் காலேஜில் பிப்ரவரியிலேயே பாடப்பட்டுவிட்டன. 'க்ரானி' என்ற பாட்டு முந்தைய ஆல்பத்துக்காகப் பதிவாகி, கடைசியில் சேர்க்காமல் விட்டது. அதைக் கேட்க இருந்த ஒரே வழி கச்சேரி. அல்லது கச்சேரிக்குப் போன ஒருத்தரின் டேப்.

ஆமா, டேப். இந்த பேண்ட் ஆரம்பத்திலிருந்தே ரசிகர்களை ரெக்கார்ட் செய்ய அனுமதித்தது. ஒளித்து வைத்து இல்லை. ஸ்டாண்ட் போட்டு, மைக் மாட்டி, பகிரங்கமாக. இந்த வழக்கம் கிரேட்ஃபுல் டெட் பேண்டிடமிருந்து வந்தது. அவர்கள் 1984இல் டேப் எடுப்பவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியிருந்தார்கள். டேவ் தரப்பில் விதி எளிமையானது: பதிவு செய்யலாம், நண்பர்களுக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். விற்கக்கூடாது. அவ்ளோதான்.

இப்ப டெக்னிக்கலா கொஞ்சம் உள்ளே போவோம். அப்போது நல்ல வசதி இருந்தவர்கள் டேட் என்ற டிஜிட்டல் டேப்பில் பதிவு செய்வார்கள். ஆனால் பெரும்பாலான ரசிகர்கள் வீட்டில் இருந்தது சாதாரண கேசட் டெக். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு காப்பியிலும் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும். காப்பியின் காப்பியின் காப்பி என்றால் பாட்டு மழைக்கு நடுவில் கேட்பது மாதிரி ஆகிவிடும். முழு பேண்ட் வாசிக்கும்போது டிரம்ஸ் அந்த இரைச்சலை மூடிவிடும். இரண்டு கிட்டார் மட்டும் இருக்கும் கச்சேரியில் மூட எதுவும் இல்லை. ஒருவர் விரலால் மெல்ல மீட்டும் இடத்தில் இரைச்சல்தான் மூன்றாவது வாத்தியம். அதனால் இந்த டூர் டேப்களில் முதல் கேள்வியே, "உங்களுடையது எத்தனையாவது காப்பி?"

அரங்கத்தில் இருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான். மைக்குக்குப் பக்கத்து சீட்டில் நீங்கள் இருமினால், அது நீங்கள் பார்க்கவே போகாத ஆட்களின் காரில் வருஷக்கணக்காக ஓடும். பெரிய மைதானத்தில் பக்கத்தில் இருப்பவர் கத்தினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே பாட்டு நடக்கும்போது நண்பனிடம் பேசுவதே ஊருக்கெல்லாம் செய்யும் துரோகம்.

சரி, ஒரு நல்ல டேப்பை நிறையப் பேருக்கு, தரம் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. 'ட்ரீ' என்று ஒன்று போட்டார்கள். நம்ம டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் வரும் அதே மரம்தான். மூல டேப் வைத்திருப்பவர் வேர். அவர் 5 பேருக்கு மட்டும் காப்பி கொடுப்பார். அந்த 5 பேர் ஆளுக்கு 5, பிறகு அவர்கள் ஆளுக்கு 5. மூன்றே அடுக்கில் 155 பேருக்குப் போய்விடும். யாரும் 5 காப்பிக்கு மேல் எடுக்க வேண்டாம், கடைசி ஆளிடம் இருப்பதும் மூன்றாவது காப்பிதான். இதையே ஒருவர் அடுத்தவருக்கு என்று சங்கிலியாகக் கொடுத்திருந்தால் கடைசி ஆளுக்கு 155ஆவது காப்பி. வெறும் இரைச்சல்தான் கிடைத்திருக்கும்.

மாற்றிக்கொள்ள எதுவுமே இல்லாத புதியவருக்கு வேறு வழி. இரண்டு வெற்று கேசட், திரும்பி வர ஸ்டாம்ப் ஒட்டிய கவர், இவற்றை முன்பின் தெரியாத ஒருவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர் தன் வீட்டு டெக்கில், இரண்டு மணி நேரக் கச்சேரி என்றால் இரண்டு மணி நேரமும் ஓடவிட்டுப் பதிந்து திருப்பி அனுப்புவார். வேகமாகக் காப்பி எடுக்கும் பட்டனைத் தொடக்கூடாது, தரம் போகும். கூலி கிடையாது. கேசட்டை எடுத்து வைத்துக்கொண்டால் யாரும் கேஸ் போட முடியாது. இருந்தும் அது நடந்துகொண்டே இருந்தது. (எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. ஒரு டேப் வேண்டுமென்றால் இரண்டு கொடு என்று பேரம் பேசியவர்களும் இருந்தார்கள்.)

பிரச்சனை வெளியிலிருந்து வந்தது. இதே பதிவுகளை சிடியாகப் போட்டுக் கடைகளில் கொழுத்த விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவில் சில நாடுகளில் அப்போதிருந்த சட்ட ஓட்டைகளைப் பயன்படுத்தி இத்தாலியில் 'கிஸ் த ஸ்டோன்' மாதிரி லேபிள்களே இதைத் தொழிலாக நடத்தின. 1994 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கெதிராக மத்திய சட்டம் வந்தது. ஆரம்ப வருஷங்களில் டேப் எடுப்பவர்கள் பேண்டின் சவுண்ட்போர்டிலேயே ஒயர் செருகிக்கொள்ள அனுமதி இருந்தது, அது போனது. மைக் வைக்கும் அனுமதி மட்டும் மிஞ்சியது. 1997இல் பேண்ட் தரப்பு அரசு அதிகாரிகளோடு சேர்ந்து விற்பனைக் கடைகளைக் குறிவைத்தது. அதே வருஷம் அக்டோபரில் 1995 ரெட் ராக்ஸ் கச்சேரியைத் தாங்களே ஆல்பமாக வெளியிட்டார்கள்.

மேனேஜ்மென்ட் புத்தகங்களில் இந்தக் கதையை "இலவசமாகக் கொடு, விற்பனை பெருகும்" என்று சுருக்கிவிடுவார்கள். எனக்கு அது செட் ஆகவில்லை. கொடுத்தது எளிதில் திரும்ப வாங்கக்கூடிய ஒரு அனுமதி. அதில் பாதி ஏற்கனவே திரும்பப் போயிருந்தது. மீதி நின்றதற்குக் காரணம், ரசிகர்களே விற்பனைக்காரர்களை அண்டவிடவில்லை. காசு கேட்பவன் பெயர் கெட்டுப்போகும், அவனோடு யாரும் டேப் மாற்ற மாட்டார்கள். போலீஸ் எட்டாத இடத்தில் அதுதான் தண்டனை.

1999 ஜனவரி 19இல் அந்த டெகோரா கச்சேரி 'லைவ் அட் லூதர் காலேஜ்' என்று இரட்டை சிடியாக வந்தது. அந்த டூரின் டேப்கள் மூன்று வருஷமாக இலவசமாகச் சுற்றிக்கொண்டிருந்தவை. இருந்தும் ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடத்தில் நுழைந்தது. அதே குளிர்காலத்தில் இருவரும் மறுபடி டூர் போனார்கள். மறுபடியும் மைக் ஸ்டாண்டுகள்.

அதற்குள் கேசட் காலம் முடிந்துகொண்டிருந்தது. எம்பி3 வந்ததும் காப்பி எடுக்க இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம், ஸ்டாம்ப் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம். 1998இல் தொடங்கிய ஈட்ரீ குழு, பெயரிலேயே மரத்தை வைத்துக்கொண்டு, எம்பி3 கூடாது என்றது. தரம் குறையாத ஷார்ட்டன் ஃபார்மட் மட்டும். கூடவே எம்டி5 செக்சம்: உங்களிடம் வந்த ஃபைல் மூல ஃபைலிலிருந்து ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். "எத்தனையாவது காப்பி" என்ற பழைய கேள்விக்கு ஒருவழியாக பதில் கிடைத்தது. பிறகு பிட்டோரன்ட் வந்தபோது அதை முதலில் எடுத்துக்கொண்ட கூட்டங்களில் இவர்களும் உண்டு.

அந்தப் பழைய கச்சேரிகளின் ஃபோல்டர்களில் பாட்டுக்களோடு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலும் இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, என்ன மைக், என்ன ரெக்கார்டர், எந்த வழியில் கம்ப்யூட்டருக்கு ஏற்றியது. சிலதில் மைக் எத்தனையாவது வரிசையில் நின்றது என்பதுகூட. கீழே வழக்கமான இரண்டு வேண்டுகோள்: எம்பி3 ஆக்கிப் பரப்பாதீங்க, விற்காதீங்க.