கடலும் துலாக்கோலும்

பெருந்தண்ணீரில் அசுத்தம் விழுந்தால் அந்நீர் எப்போது கெட்டதாகும் என்பது ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடங்களுள் ஒன்று. நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்றேனும் மாறும்போது என்பது மதரஸாப் பிள்ளைகளும் அறிந்த விடை. கண்ணும் நாவும் மூக்கும் சாட்சி சொல்லக்கூடிய அசுத்தத்திற்கு அவ்வளவுகோல் போதுமானது. ஆனால் இம்மூன்றையும் தீண்டாமலே கடலுக்குள் பரவும் ஒன்றை இருபதாம் நூற்றாண்டு மனிதன் உண்டாக்கினான். அதன் போக்கை உலகம் அறிந்துகொண்ட வரலாறு, நேர்மையான அளவையின் வரலாறாகவும் இருக்கிறது.

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிக்கினியில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றல் உடையது அது. அபாய எல்லை என்று அறிவிக்கப்பட்டிருந்த பகுதிக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் ஃபுகுரியு மாரு’ என்னும் ஜப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவர்களுள் குபோயாமா ஐகிச்சி செப்டம்பரில் உயிர் நீத்தார். அவ்வாண்டு முழுதும் நூற்றுக்கணக்கான படகுகள் கொணர்ந்த மீன், கதிரியக்கம் ஏறியது என்று கழிக்கப்பட்டது.

கடலில் விழுந்த கதிரியக்கம் 500 மைல் தொலைவுக்குள் கண்டறிய இயலாதவாறு தேய்ந்துவிடும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் மார்ச் இறுதியில் கூறினார். ஜப்பானியர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை; அளந்து பார்க்கப் புறப்பட்டனர். மே மாதம் ‘ஷுன்கோட்சு மாரு’ என்னும் கப்பல் அறிஞர் குழுவொன்றைச் சுமந்து சென்றது. பிக்கினிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் நீரில் கதிரியக்கம் இருந்தது. அது எங்கும் ஒரே சீராகக் கரைந்துவிடவில்லை. மேற்கு நோக்கிய நீரோட்டத்தோடு, மேற்பரப்பிலுள்ள வெதுவெதுப்பான நீரில் ஓர் ஆறு போலச் சென்றது. அந்நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளிலோ, நீரைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு அளவில் அது திரண்டிருந்தது.

கடல் கரைப்பதை உயிர் திரட்டுகிறது என்பதே அப்பயணம் தந்த பாடம். உடல் தனிமங்களை அவற்றின் வேதியியல் இயல்பைக் கொண்டே ஏற்கிறது. கதிர் வீசுமா, வீசாதா என்று பார்ப்பதில்லை. ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தைப் போன்றதாகையால் எலும்பில் தங்குகிறது. சீசியம்-137 பொட்டாசியத்தைப் போன்றதாகையால் தசையில் சேர்கிறது. உயிர்களுக்கு இன்றியமையாத துத்தநாகமும் கதிரியக்க வடிவில் சூரை மீன்களில் காணப்பட்டது.

டோக்கியோவின் வானிலை ஆய்வுக்கூடத்தில் மியாகே யாசுவோவும் அவர் மாணவியான சருஹாஷி கட்சுகோ அம்மையாரும் கடல்நீரிலுள்ள சீசியத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். ஜப்பானை அடுத்த கடலில் அது அமெரிக்கக் கரையோரத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்ற அவர்கள் முடிவு ஐயத்திற்குள்ளாயிற்று. 1962-ஆம் ஆண்டு அம்மையார் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்திற்குச் சென்று, தியோடர் ஃபோல்சம் என்பாருடன் தம் முறையை ஒப்பிட்டுச் சோதித்தார். ஒரு ஹதீஸை வேறோர் அறிவிப்பாளர் வழியாக உறுதிசெய்வது போன்ற தேர்வு அது. அம்மையாரின் அளவை துல்லியமென்று நிலைபெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 5 அன்று, வளிமண்டலத்திலும் நீருக்கடியிலும் விண்வெளியிலும் அணுச் சோதனையை விலக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. பிரான்சும் சீனாவும் அதில் சேரவில்லை.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைகள் சிதைந்தன. அதே ஆகஸ்டில் சான்டியாகோ கரையோரம் பிடிபட்ட நீலத்துடுப்புச் சூரை மீன்கள் பதினைந்தை ஆராய்ந்தபோது, பதினைந்திலும் சீசியம்-134 இருந்தது. இரண்டாண்டில் பாதியாகக் குறையும் பொருள் அது. பழைய குண்டுகளின் எச்சமாக இருக்க முடியாது. மாக்கடலைக் கடந்து அம்மீன்களே அதைச் சுமந்து வந்திருந்தன. எனினும் எல்லா மீனிலும் இயற்கையாக உள்ள பொட்டாசியத்தின் கதிரியக்கத்தைவிட அது குறைவே என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினர்.

அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்கத் திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. கடைத்தெருத் தராசுக்கு மட்டுமன்று, ஆய்வுக்கூடத்துக் கருவிக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். பெருங்கேட்டைச் சிறிதாகக் காட்டுவதும் சிறு கேட்டைப் பெரிதாக்கி மக்களை அச்சுறுத்துவதும் ஒரே குற்றத்தின் இரு தட்டுகள். கடல் நமக்கு அமானிதம். அதைப் பற்றிச் சொல்லும் சொல்லும் அமானிதமே.