ஆயாவின் பேச்சு இருந்த குறுந்தகடு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பழவேற்காட்டு மீனவப் பெண்கள் யாரும் ‘இட்டுகினு’ என்று பேசுவதில்லை. ‘அழைத்துக்கொண்டு’ என்றுதான் பேசுகிறார்கள். ‘இன்னா’ என்று ஒருவரும் கேட்பதில்லை. நடுக்குப்பத்தில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தபடி என்னிடம் பேசிய ஆயா, நான்காம் இயலில் தமிழாசிரியரைப் போலப் பேசுகிறார். ‘ஆய்வு நடைக்கு இது பொருந்தாது’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார் நெறியாளர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பட்டம் வேண்டும். திருத்தினேன்.

திருத்துவதற்கு முந்தைய படி ஒரு குறுந்தகட்டில் இருந்தது. 2003 முதல் 2005 வரை கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், ஏரியோரத்து இருளர் குடியிருப்புகள் என்று அலைந்து ஒலிநாடாவில் பதிந்து, இரவில் கையால் எழுதி, பொன்னேரியில் ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்யக் கொடுத்தவை. நாடாக்கள் பூஞ்சை பிடித்துப்போயின. கையெழுத்துத் தாள்களை வீடு மாறியபோது அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். எஞ்சியது தகடு மட்டும்.

பழவேற்காடு ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பிரிக்கும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவார்கள். சண்டையில்லாமல் ஒரு நீர்நிலையைப் பங்கிட்டுக்கொள்வதற்கு எடுத்துக்காட்டாகச் சூழலியலாளர்களும் பொருளியலாளர்களும் எழுதிய முறை இது. நானும் வியந்துதான் போனேன். அந்தப் பங்கு ஆண்வழியில் போவது என்பது அந்த எழுத்துகளில் ஒரு வரியில் வந்துபோகும். மீனை விற்பவள், காயவைப்பவள், கருவாட்டுக் கூடையோடு பேருந்தில் ஏறி நடத்துநரிடம் பேச்சு வாங்குபவள், இவர்கள் யாருடைய பெயரும் சீட்டில் கிடையாது. பாட்டுக்கே வெளியில் இருப்பவர்கள் இருளர் பெண்கள். வலையில்லாமல் இடுப்பளவு நீரில் குனிந்து, ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் எடுப்பவர்கள்.

ஆயாவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். கணவர் இறந்ததும் பங்கு நின்றுபோனது. அவர் ஊர்ப் பஞ்சாயத்தில் போய்க் கேட்டார். ஆய்வேட்டில் இது ஒரே வாக்கியம்: ‘பங்கு கோரி முறையிட்டார், ஏற்கப்படவில்லை.’ தகட்டில் நான்கு பக்கம். யார் எழுந்து என்ன சொன்னார், இவர் என்ன திருப்பிக் கேட்டார், யார் சிரித்தார், எல்லாம் இருந்தது. இருந்தது என்று மட்டும் எனக்கு நினைவிருந்தது. சொற்கள் நினைவில்லை. ஆயா இறந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. பெண்களின் வழக்காடல் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, நானே எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை மேற்கோள் காட்டக் கூச்சமாக இருந்தது.

புதிய மடிக்கணினியில் தகடு போடும் வாயே இல்லை. வெளியிலிருந்து இணைக்கும் கருவியை இரவல் வாங்கினேன். கோப்புகள் தெரிந்தன, திறக்கவில்லை. எல்லாம் பேஜ்மேக்கரில் செய்தவை. தமிழ்நாட்டின் டி.டி.பி. கடைகளை ஒரு காலத்தில் ஆண்ட அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த ஏழாவது. அதற்குப் பிறகு அடோபி இன்டிசைனுக்குப் போய்விட்டது. பழைய தகட்டிலிருந்து நிறுவப் பார்த்தால் கணினி மறுத்தது. கல்லூரியில் கணினித் துறைத் தோழி விளக்கினாள்: தொண்ணூறுகளின் மென்பொருள்கள் பலவற்றில், நிறுவித் தரும் நிரல் 16 பிட்டுக்கு எழுதப்பட்டது, இன்றைய 64 பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. பழைய வீட்டுச் சாவி இருக்கிறது, பூட்டையே மாற்றிவிட்டார்கள்.

வழியையும் அவளே சொன்னாள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், புதிய கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைப் பாவனையாக உண்டாக்கலாம். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பேஜ்மேக்கர். 2014 ஏப்ரலோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிய எக்ஸ்பியை இணையத்தோடு இணைக்காதே என்று எச்சரித்தாள். ஜன்னலுக்குள் ஜன்னலாக அந்தப் பச்சைப் புல்மேடும் நீல வானமும் திரையில் விரிந்தபோது எனக்குக் கண் கலங்கியது. என் இருபதுகள் அந்தப் புல்மேட்டின் முன்னால்தான் கழிந்தன.

கோப்பு திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பேஜ்மேக்கர் கோப்பு எழுத்துருவைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை. எந்த எழுத்துரு என்ற பெயரை மட்டும் வைத்திருக்கும். அந்தப் பெயரோ கடைக்காரர் தானே சூட்டியது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஒரு மாறுவேடம். கணினி ஆங்கில எழுத்தையே சேமிக்கும்; எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடும். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ‘பெண்’ என்பது என், ஜி, இசட், அரைப்புள்ளி. முகமூடியைக் கழற்றினால் பெண் இல்லை.

ஆளுக்கொரு முகமூடி இருந்ததுதான் சிக்கல். ஒரு கடையில் அடித்தது அடுத்த கடையில் திறக்காது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும் இதைச் சரிசெய்ய முயன்றன. சென்னை மாநாட்டின் விளைவாக தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் வந்தன. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் திஸ்கி என்ற இன்னொன்றை வளர்த்தார்கள். இவ்வளவு நடந்தபோதும் ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்து அதைக் காட்டவும் செய்தது. தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி. பொன்னேரிக் கடைக்கு இந்த மாநாடுகள் எதுவும் வந்து சேரவில்லை. தட்டச்சுப் பள்ளியில் படித்த விசை வரிசை, கைக்குக் கிடைத்த எழுத்துரு, அவ்வளவுதான் அங்கே தமிழ்க் கணிமை.

இந்த வரலாற்றை எழுதும் கட்டுரைகளில் நான் வாசித்தவற்றில் வடிவமைத்தவர்கள் பெயர் இருக்கிறது; அது நியாயமே. அந்த வடிவத்தில் நாளெல்லாம் அடித்தவர்கள் பெயர் இல்லை. சிற்றூர்களில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து, லோயர், ஹையர் தேர்வு எழுதி, பக்கக் கணக்கில் கூலிக்கு உட்கார்ந்தவர்கள் நான் பார்த்தவரை பெரும்பாலும் பெண்கள். கல்யாண அழைப்பிதழ், வழக்கு மனு, என் போன்றோரின் ஆய்வேடு எல்லாம் அவர்கள் விரல் வழியே போனவை. அவர்கள் பெயரும் சீட்டில் இல்லை.

பொன்னேரிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்காவைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் இருந்தார். திரையில் இருந்த குப்பையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இது நான் அடிச்சதுதான். படிக்கத் தெரியாது. கையக் குடு, அடிச்சுக் காட்டுறேன்.”

தையல் மேசையின் மேல் விரல்களை வைத்தார். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வாயால் கேட்டால் தடுமாறினார். ஒரு சொல்லைச் சொன்னால் விரல் தானாகப் போனது. விசைப்பலகையில் இடமில்லாத எழுத்துகளுக்கு ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண் அடிக்க வேண்டும்: சுழியம், பிறகு மூன்று இலக்கம். கடைச் சுவரில் மாரியம்மன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டவணையை இருபது ஆண்டு கழித்து அவர் ஒப்பித்தார். “ரெண்டு நம்பர் மட்டும் குழம்புது” என்றார். நான் எழுதிக்கொண்டேன். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் எங்கள் முகமூடிக்கு அட்டவணை இல்லை. அக்கா சொன்னதே அட்டவணையானது. தோழி அதை வைத்துச் சிறு நிரல் எழுதினாள்.

முதல் ஓட்டத்தில் ஒற்றைக்கொம்பு எல்லாம் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலில், மெய் பிறகு. ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால்தான் கொம்பு. அதைத் திருப்பினாள். ‘அவர்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. கண்ணுக்கு எல்லாப் பக்கத்திலும் இருந்தது. தட்டச்சுப் பழக்கத்தில் ர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் காலைப் போட்டுப் புள்ளி வைத்திருக்கிறார் அக்கா. இன்றும் அரசு ஆவணங்களில் இந்தக் கால் நடமாடுகிறது. அதையும் மாற்றினோம்.

நான்கு பக்கமும் வந்தது. நிதானமாகப் படித்தேன். ஆயா பஞ்சாயத்தில் முறையிடவே இல்லை. கணக்குக் கேட்டிருக்கிறார். “எம் புருசன் போட்ட வல கயிறு யாரு கையில கீது? அத்தச் சொல்லு மொதல்ல. அப்பால பொம்பளைக்குப் பாடு உண்டா இல்லியான்னு பேசலாம்.” ‘முறையிட்டார்’ என்பது நான் சேர்த்த சொல். நெறியாளர் அதைக் கேட்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் எழுத்துக்குப் பதில் கட்டம் நின்றது. அக்காவுக்குக் குழம்பிய எண்களில் ஒன்று. ஏரிக்குள் ஓர் இடத்தின் பெயர் அது, கணவரின் சீட்டுக்குக் கடைசியாக விழுந்த இடம். அச்செடுத்துக்கொண்டு நடுக்குப்பம் போனேன். ஆயாவின் மூத்த மகள், அறுபதைத் தாண்டியவர், அதே திண்ணை. வாசிக்க வாசிக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கட்டம் வந்த இடத்தில் நான் நிறுத்தியதும் பெயரைச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொஸ்தகத்துல போடாதம்மா, அந்த எடத்துக்கு இப்பவும் தகராறு கீது” என்றார்.

எனவே இங்கே போடவில்லை. கோப்பில் அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, அங்கே திண்ணையிலேயே பெயரைத் தட்டச்சு செய்தேன்.